கஞ்சி வரிசையில் மேஜர்

கரடியனாற்றில் பெரிய வயற்காரரான கந்தப்போடியார் அகதி முகாமில் தட்டேந்தி நின்றது யாருக்கும் தெரியக்கூடாத சங்கதி. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊர் கலைந்து ஓடியபோது, தான் மட்டக்களப்பு டவுனில் மச்சான் வீட்டு மெத்தையில் படுத்திருந்ததாகவே திரும்பி வந்ததும் அளந்துவிட்டிருந்தார். ஊரார் வேறு முகாம்களுக்குச் சிதறியிருந்ததால் பொய் நன்றாகவே ஓடியது.

ஒருநாள் செங்கலடிச் சந்தைக்குப் போன மனைவி இரத்தினம்மா ஒரு சாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வழியில் இருந்த அதே அகதி முகாமில் கிடந்த நாய். காது கிழிந்து, மோவாய் நரைத்து, எந்தச் சாதியிலும் சேராத கலப்பு. கஞ்சி காய்ச்சும் பெரிய கிடாரத்தைத் தட்டினால் ஆட்களோடு ஆளாக வரிசையில் வந்து குந்தும். அதனால் அங்கே அதற்குக் கஞ்சி என்று பெயர்.

“காம்ப மூடிட்டாங்க. இது மட்டும் கேற்றடியில நிண்டிச்சு. என்னக் கண்டதும் பொறகால வந்திட்டு. நம்மளோட கிடந்த சீவன்தானே,” என்றாள்.

வீடு அவளுடைய சீதனம். நாயைத் துரத்து என்று சொன்னால் யார் முதலில் வெளியே போக நேரும் என்பது போடியாருக்குத் தெரியும். ஆகவே நாயைக் குளிப்பாட்டி, கழுத்தில் பட்டி கட்டி, மேஜர் என்று பெயர் வைத்தார். மேஜர் என்றால் அது திரும்பியும் பார்ப்பதில்லை. அதனாலென்ன, தேநீர்க் கடையில் அதன் குலம் கோத்திரம் வளர்ந்தது.

“அல்சேஷன் கலப்பு. ஆமிப் பெரியவர் ஒருத்தர் மாறிப் போகக்குள்ள என்ட கையில தந்தவர்.”

ஆமிக்காரனிடம் தீப்பெட்டி வாங்கியவனையே துரோகி என்று இயக்கம் சுட்டுக் கட்டிவிட, மறுநாள் விளக்குக் கம்பத்தில் தேட வேண்டியிருந்த காலம் அது. நுணலும் தன் வாயால் கெடும். அந்தக் கிழமையே இயக்கப் பொடியன்கள் இருவர் தோளில் துவக்கோடு முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அறுவடைக்கு வந்த ஆட்கள் கஞ்சிக்குக் காத்திருந்த நேரம்.

“போடியார், ஆமி உங்களுக்கு நாய் தந்தானாம். நீங்க அவனுக்கு என்ன குடுத்தீங்க?” என்றான் மூத்தவன்.

உண்மையைச் சொன்னால் உயிர் மிஞ்சும். ஆனால் கூலியாட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. அப்போதும் மனிதர் உயிரையும் மானத்தையும் தராசில் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். இரத்தினம்மா பொறுக்கவில்லை. அகப்பையை எடுத்துக் கிடாரத்தில் ஓங்கித் தட்டினாள். மரத்தடியில் கிடந்த நாய் எழுந்து ஓடிவந்து கிடாரத்தின் முன் குந்தியது.

“இது அகதிக் காம்ப் நாய் மனே. நாங்களும் அங்கதான் கிடந்த.”

“சாப்பாட்டுக்கு எந்த நாயும் வருந்தானே அம்மா.”

“எந்த நாயும் கிடாரத்துக்குள்ள வாய வைக்கும். இது வைக்குதா? பொறுங்க.” புருசன் பக்கம் திரும்பினாள். “இஞ்சேருங்க, தட்ட எடுத்திட்டு உங்கட இடத்தில வந்து நில்லுங்க.”

போடியார் அசையவில்லை. மூத்தவன் துவக்கைத் தோளில் சரிசெய்தான். போடியார் தட்டோடு வந்தார்.

அவரைக் கண்டதும் நாய் வாலை ஆட்டியது. யாரும் சொல்லாமலே எழுந்து, அவருக்கு முன்னிடம் விட்டு, பின்னால் போய்க் குந்தியது. முகாமில் நாள்தோறும் பழகிய பழக்கம்.

முற்றத்தில் சிரிப்பு வெடித்தது. மூத்தவனும் சிரித்துவிட்டான்.

“அகதிக் கஞ்சிக்கு நாயையுமா முந்தினீங்க போடியார்?”

அவர்கள் போய்விட்டார்கள். உயிர் மிஞ்சியது, மானம் கப்பலேறியது. ஆட்கள் சிரித்துச் சிரித்தே கஞ்சி குடித்து வயலுக்குப் போனார்கள். போடியாரின் தட்டிலும் இரத்தினம்மா கஞ்சி ஊற்றினாள். அவர் அதோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

“மேஜர்,” என்றார். நாய் பார்க்கவில்லை.

“கஞ்சி.”

ஓடி வந்தது. போடியாருக்கு அழுகை வந்தது. கையில் இருந்த தட்டை அதன் முன்னால் தள்ளி வைத்தார். நாய் தட்டைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, வாய் வைக்கவில்லை. அவர் முதலில் குடிக்கட்டும் என்று பின்னால் போய்க் குந்திக்கொண்டது.