பதினான்கு மீட்டர்

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கட்டட வேலை சூப்பர்வைசர் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காகிதத்தை நீட்டினார். பிணவறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர் படித்தாள். கட்டடத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த அவள் தம்பி, இரண்டு மீட்டர் ஏணியிலிருந்து கால் தவறி விழுந்து இறந்தான் என்று எழுதியிருந்தது.

"போட்டுட்டீங்கன்னா பாடிய சீக்கிரம் குடுத்துடுவாங்க டீச்சர்."

தம்பியோடு வேலை பார்த்தவன் காலையிலேயே போனில் அழுதுகொண்டு சொல்லியிருந்தான். "நாலாவது மாடி சாரம்க்கா. சேஃப்டி பெல்ட் கேட்டோம். நாளைக்கு வரும்னாங்க."

போன வாரம்தான் ஒன்பதாம் வகுப்புக்கு நிலையாற்றல் நடத்தியிருந்தாள். நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம். மூன்றையும் பெருக்க வேண்டும். தம்பிக்கு இதில் ஒரு கிண்டல் உண்டு. "வீட்லயும் பெருக்கறே, ஸ்கூல்லயும் பெருக்கறே. உனக்கு வேற வேலையே இல்லியாக்கா?"

வேண்டாம் என்று நினைப்பதற்குள் கை காகிதத்தைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டது. ஐம்பத்தெட்டு கிலோ, என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாதவன். இரண்டு மீட்டருக்கு ஆயிரத்து நூற்று முப்பத்தேழு. நான்காவது மாடியின் பதினான்கு மீட்டருக்கு ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. அலகு எழுதாத பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் குறைப்பவள், எண்ணோடு நிறுத்திக்கொண்டாள்.

"ஏழு மடங்கு வித்தியாசம் சார். நாலாவது மாடின்னு எழுதிக் கொண்டாங்க. போடறேன்."

"இழுத்தடிப்பாங்க டீச்சர். அம்மா வேற எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாங்க?"

"உக்காந்திருப்போம்."

அவர் காகிதத்தை வாங்கினார். பின்பக்கத்தில் இருந்த கணக்கைச் சற்று நேரம் பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

நடைபாதையின் மறுகோடியில் அம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். டீச்சர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த ஆள் என்னடி கேட்டாரு?"

"கையெழுத்தும்மா. அப்புறம் வரேன்னு போயிருக்காரு."

அம்மா தரையைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு, யாரிடமோ கேட்பதுபோல, "ரொம்ப ஒசரமா?" என்றாள்.

ஒரு சக்கரப் படுக்கை கிறீச்சிட்டுக்கொண்டு அவர்களைக் கடந்து போய் முனையில் திரும்பியது.

"இல்லம்மா. சின்ன ஏணிதான். பட்ட எடம் அப்படி. அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அம்மா தலையாட்டினாள். மடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தாள். மூடி வழுக்கியது. டீச்சர் வாங்கித் திறந்து கொடுத்துவிட்டு, அம்மா குடித்து முடிக்கும்வரை மூடியைக் கையிலேயே வைத்திருந்தாள்.