காற்றில் நின்ற பொறி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நான் சொல்லப்போகும் கதை முதலில் குளிரும், பிறகு சுடும். போர்வை வைத்திருப்பவர் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு முனையைக் கொடுங்கள்.

கடலோர ஊர் ஒன்றில், இன்னும் கட்டாத எரிவாயு முனையத்தில் இன்னும் நடக்காத விபத்து ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவுக்குள் வந்தது. வெள்ளை மேகமாக, இடுப்பளவு உயரத்தில், தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. கம்பி வேலியைத் தாண்டி, மீன் ஐஸ் கிடங்கைத் தாண்டி, தெரு வளைவில் இருந்த வெல்டிங் பட்டறையின் வாசற்படியைத் தொட்டதும் நின்றது. வாசனை எதுவும் இல்லை. தொட்டவர்களுக்கு விரல் மரத்துப்போனது. சைக்கிள் மணிகளில் உறைபனி பூத்தது. சற்று நேரம் அப்படியே கிடந்துவிட்டு, வெயில் சாயும் முன் மேலே எழும்பிக் காணாமல் போயிற்று. மறுநாளும் வந்தது. அன்று தக்காளி விலை ஏறியிருந்ததால் சந்தையில் இதைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

விஷயம் இதுதான். குளிரக் குளிர வைத்துத் தண்ணீர் போல ஆக்கிய எரிவாயுவைக் கப்பலில் கொண்டுவந்து இறக்க, ஒரு கம்பெனி அந்தக் கரையில் இடம் பார்த்திருந்தது. வெறும் மணல்தான், சுற்றிலும் வேலி மட்டும் போட்டிருந்தார்கள். கட்டுவதற்கு முன் பாதுகாப்பு ஆய்வு செய்ய அரசாங்கம் ஓர் ஆய்வாளரை அனுப்பியது. இறக்கும்போது குழாய் உடைந்தால் வாயு எவ்வளவு தூரம் பரவும் என்று அவள் கணக்கிட வேண்டும். பரவுவது வேலிக்குள் அடங்கினால் அனுமதி உண்டு, தாண்டினால் இல்லை. அவள் அந்த ஊர்ப் பெண். சொந்த ஊராயிற்றே, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். ஊர் தெரிந்தவள்தான் வேண்டும் என்று அவளையே அனுப்பிவிட்டார்கள். துறைமுக அலுவலகத்தின் மாடியறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, மதிய நேரத்து மந்தக் காற்றைக் கணக்கில் போட்டு, மேகத்தின் எல்லையை அவள் குறித்த அன்றுதான் அது தெருவுக்கு வந்தது. அவளுடைய வரைபடத்தில் கோடு எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. அது அவளுடைய அண்ணனின் பட்டறை வாசல்.

அண்ணன், ஜன்னல் கம்பி வெல்டிங் செய்தே தங்கையை இஞ்சினியர் ஆக்கியவன். ரெடிமேட் அலுமினிய ஜன்னல்கள் வந்த பிறகு அந்தப் பட்டறையில் பொறி பறந்த நாட்களைவிட ஈ பறந்த நாட்களே அதிகம். முனையம் வந்தால் குழாய் தாங்கிகள் செய்யும் வேலை முழுக்க அவனுக்குத்தான் என்று கம்பெனி வாய்வார்த்தை கொடுத்திருந்தது. அதை நம்பிக் கடைப் பலகையைக்கூடப் புதிதாக எழுதி மாட்டிவிட்டான். இப்போது தங்கை போட்ட கணக்கு தினமும் மதியம் வந்து அந்தப் பலகைக்குக் கீழே படுத்துக்கொண்டது.

"ஊர்ல எத்தனை வாசல் இருக்கு. உனக்கு என் வாசல்தான் கிடைச்சுதா?" என்றான் சாப்பிடும்போது.

"நான் எங்கண்ணே நிறுத்தினேன். காத்து நிறுத்துச்சு."

"அப்ப அந்தக் காத்தக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லு."

அண்ணி இருவருக்கும் நடுவில் பாத்திரத்தை வைத்தாள். "சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க. ஆறிப்போனா என்னால சூடு பண்ண முடியாது. அடுப்பப் பத்தவைக்கவே பயமா இருக்கு."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. அந்த மேகம் தீப்பற்றுமா பற்றாதா என்று யாருக்கும் தெரியாது. அது வரும் நேரத்தில் தெருவே அடுப்பை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பட்டறைக்கு எதிரே ரொட்டிக்கடை. அதை நடத்தியவர், "என் மாமியார் வர்றப்பகூட நான் இப்படி அடக்க ஒடுக்கமா உக்காந்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே அடுப்பு வாயில் ஈரச் சாக்கைப் போடுவார்.

தலைநகரிலிருந்து தலைமை அதிகாரி போன் செய்தார். "கடற்கரைதானம்மா, காத்துக்கா பஞ்சம்? கொஞ்சம் கூட்டிப் போடு. மேகம் கலைஞ்சு வேலிக்குள்ளயே நின்னுடும்." கம்பெனியின் கணக்கும் பலமான காற்றைத்தான் வைத்திருந்தது. ஒரே ஒரு முறை அவளும் கூட்டிப் போட்டாள். சொன்னபடியே மேகம் தெருவை விட்டுப் பின்வாங்கி வேலிக்குள் போயிற்று. ஆனால் கலையவில்லை. உள்ளே போனது உயர ஆரம்பித்தது. ஐஸ் கிடங்கின் கூரையைத் தாண்டியது, துறைமுக விளக்குக் கம்பத்தைத் தாண்டியது. சாயங்காலம் ஆகியும் போகாமல், தெருவின் பக்கம் லேசாகச் சாய்ந்தபடி நின்றது. வேலிக் கம்பிகள் முனகுவது பட்டறை வரை கேட்டது. காக்கைகள் அந்த வழியாகப் பறப்பதை விட்டுவிட்டன. மறுநாள் காலை அவள் மாடியேறிப் பழைய காற்றையே போட்டாள். மேகம் பெருமூச்சு விட்டதுபோல இறங்கி, தன் பழைய இடத்தில் வந்து படுத்தது.

அவள் எழுதுவதெல்லாம் நடக்கிறது என்பது அன்றைக்கு ஊருக்கே புரிந்துபோயிற்று. அதனால்தான் அவள் கடைசிப் பக்கத்தை மட்டும் எழுதாமல் வைத்திருந்தாள். இந்த மேகத்தில் நெருப்புப் பட்டால் என்ன ஆகும் என்று கேட்ட பக்கம் அது. பதில் அவளுக்குத் தெரியும். எழுதினால் எரியப்போவது யார் வாசல் என்பதும் தெரியும்.

காத்திருந்து அலுத்துத் தலைமை அதிகாரியே நேரில் வந்துவிட்டார். மதியம் எல்லோரும் பட்டறை முன் கூடினார்கள். மேகம் தன் நேரத்துக்கு வந்து அவர்களுடைய இடுப்பைச் சுற்றிக்கொண்டது. அண்ணன் கேஸ் கட்டர் பற்றவைக்கும் லைட்டரை எடுத்துக்கொண்டு பட்டறைப் படியிலிருந்து மேகத்துக்குள் இறங்கினான். "இது வெறும் பனி. இதுக்குப் போய் ஊரே பட்டினி கிடக்குது. பாருங்க" என்றான். தங்கை ஓடி வருவதற்குள் தட்டிவிட்டான்.

பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை. லைட்டரின் கல்லிலிருந்து ஒரு பொறி கிளம்பி, அப்படியே காற்றில் நின்றது. கடுகளவு இருக்கும், ஆரஞ்சு நிறம். விழவும் இல்லை, அணையவும் இல்லை. அண்ணன் கையை மெதுவாக இழுத்துக்கொண்டான். பொறி இருந்த இடத்திலேயே இருந்தது. எழுதாத பக்கத்துக்காக அது காத்திருந்தது.

தலைமை அதிகாரிதான் முதலில் தொண்டையைச் செருமினார். "இப்பவே எழுதிடும்மா. தீப்பத்தாதுன்னு ஒரு வரி. அது அணைஞ்சு விழுந்துடும். உங்கண்ணனுக்கும் வேலை கிடைக்கும், எல்லாருக்கும் நிம்மதி."

"விழுந்துடும் சார். ஆனா நாளைக்குக் கப்பல்ல வர்ற வாயு நம்ம பைலப் படிச்சுட்டு வராது."

அவர் மேகத்திலிருந்து தன் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து, காரை நோக்கிப் போனார். அவள் எதை எழுதப்போகிறாள் என்று புரிந்து, மற்றவர்களும் வயதானவர்களைத் தாங்கிக்கொண்டு மேகம் எட்டாத மேட்டுத் தெருவுக்கு நகர்ந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் பிசைந்து வைத்த மாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அண்ணி வீட்டுச் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். அண்ணன் மட்டும் பட்டறைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பத்தும்னு எழுதப் போறியா? எழுது. நான் இங்கதான் இருப்பேன்."

அவள் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முழங்கால்மேல் தாளை வைத்துக்கொண்டாள். "சரி. அப்ப நானும் இங்க இருந்தே எழுதறேன்."

"விளையாடாத."

"பேனா நல்லா எழுதுது, பாரு." அவள் எழுதத் தொடங்கினாள். வெளியே பொறி லேசாகத் துடித்தது. சின்ன வயதில் கணக்குப் போடும்போது நாக்கைத் துருத்திக்கொள்வாளே, அதுபோல இப்போதும் துருத்தியிருந்தாள். அதைப் பார்த்ததும் அவள் விளையாடவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தான், அவள் கையைப் பிடித்தான், தரதரவென்று வெளியே இழுத்தான். பொறியைத் தாண்டும்போது மட்டும் இருவரும் ஒருக்களித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தார்கள். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே மேட்டுத் தெருவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தான். அங்கே தாளை வைத்து எழுத மேசையும் இல்லை, சுவரும் சொரசொரப்பு. அவன் தன் பட்டறையை ஒரு தரம் பார்த்தான். புதுப் பலகையைப் பார்த்தான். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் குனிந்து நின்றான்.

"சீக்கிரம் எழுதித் தொலை. இடுப்பு வலிக்குது."

அண்ணன் முதுகில் தாளை வைத்து, பற்றும் என்று அவள் எழுதி முடித்தாள். முற்றுப்புள்ளி வைத்ததும் பொறி நகர்ந்தது. வெள்ளை மேகம் ஓரத்திலிருந்து நீலமாகி, பிறகு மஞ்சளாகி, சத்தமே இல்லாமல் வேலியிலிருந்து பட்டறைவரை தெருவைத் தீயால் மடித்துவிட்டது. பட்டறையின் ஷட்டர் அப்பளம் போலச் சுருண்டது. பலகை எரிந்து விழுந்தது. ஒரு மனிதருக்கும் கீறல் இல்லை. ரொட்டிக்கடையில் விட்டுவந்த மாவு மட்டும் பதமாக வெந்து, பொன்னிறமாக இருந்தது. பயம் தெளிந்த பசியில் அதை எல்லோரும் பிய்த்துத் தின்றார்கள்.

அனுமதி கிடைக்கவில்லை. கம்பெனி வேலியைப் பிடுங்கிக்கொண்டு, எந்த வாசலும் எட்டாத தூரத்தில் நடுக்கடலில் மேடை போட்டு முனையத்தைக் கட்டியது. ஆய்வாளரை லிப்ட்டுகளுக்குச் சான்று கொடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அண்ணன் இரண்டு மழைக்காலம் அவளோடு பேசவில்லை. அண்ணி மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்கதான் உக்காந்திருக்கார், காது மட்டும் இந்தப் பக்கம் இருக்கு" என்று சத்தமாகச் சொல்வாள். பிறகு கடல் மேடையில் வெல்டர் தேவைப்பட்டது. அண்ணன் படகில் போய்வர ஆரம்பித்தான். முதல் நாள் வேலை முடிந்து வந்ததும் தங்கைக்கு அவனே போன் செய்து, "காத்து நல்லாத்தான் அடிக்குது அங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

மேகம் இன்றும் மதியத்தில் வருகிறது. இப்போது முழங்காலுக்கு மேல் ஏறுவதில்லை. கருகிய வாசற்படியைத் தொட்டுவிட்டு, சற்று நேரம் கிடந்துவிட்டுப் போகிறது. தெருக்காரர்கள் பால் கேன்களை அதற்குள் வைத்துக் குளிர வைக்கிறார்கள். அந்த நேரத்துக்கு அடுப்பை மட்டும் இன்னும் அணைத்துவிடுகிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் இது என்னவென்று கேட்டால் ரொட்டிக்கடைக்காரர் ஈரச் சாக்கைப் பிழிந்தபடி சொல்வார்: "எங்க ஊர் விபத்து. நடந்து முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. தினமும் ஒருதடவ எட்டிப் பாத்துட்டுப் போகும்."

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு நீங்கள் பற்றவைக்கும்போது மட்டும் பற்றட்டும். உங்கள் வாசலுக்கு வருவதெல்லாம் படியோடு நின்று, கேட்டுவிட்டு உள்ளே வரட்டும். திட்டிக்கொண்டே குனிந்து கொடுக்கும் ஒரு முதுகு உங்கள் வீட்டில் என்றைக்கும் இருக்கட்டும்.