கட்டியாக விழும் நீரூற்று

எங்கள் நகரத்தில் ஒரு கட்டடத்தைக் கட்டுவதற்கு முன் அதன் சத்தத்தைக் கட்டுவார்கள். சத்தம் நிற்கிற இடத்தைத் தேடிக் கான்கிரீட் வந்து சேரும். இந்தக் கதையில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. அது என்னுடையது அல்ல. அதற்கு முன் கடற்கரையைக் கட்டி முடிக்க வேண்டியிருப்பதால் நீங்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இப்போதே சிரித்துவிடாதீர்கள், வீணாகிவிடும்.

முறை எளிதானது. மணலில் கோடு போடுவார்கள். சத்தக்காரர் ஒருவர் கோட்டுக்குள் நின்று, அந்த இடம் கட்டி முடித்தபின் எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிச் சத்தம் போடுவார். அது கலையாமல் அங்கேயே நிற்கும். செவி அதிகாரி கேட்டுவிட்டு 'சரி' என்பார். மறுநாள் லாரி வரும். 'சரி' விழுந்த சத்தத்தின் மேல் கான்கிரீட் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கோட்டுக்குள் 'சரி' விழாமல் இருப்பது மரமோ வண்டியோ வீடோ, எதுவானாலும் மணலுக்குள் போய்விடும். புதிய பேருந்து நிலையத்துக்குச் சத்தம் போட்டவருக்கு அன்றைக்கு ஜலதோஷம். அங்கே இப்போதும் கூரை ஒழுகுகிறது.

கடற்கரையில் உப்பு மூட்டைகள் அடுக்கும் பழைய கிட்டங்கிகள் பூட்டிக் கிடந்தன. அவற்றை எடுத்துவிட்டு, கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள், முன்னால் எல்லோரும் வந்து உட்காரப் பொதுவெளி என்று திட்டம் தயாரானது. சத்தம் போட என்னைக் கூப்பிட்டார்கள். ஒருமுறை தலைமை ஆசிரியரின் குரலில் நான் மைக்கில் விடுமுறை அறிவித்து, பள்ளிக்கூடமே வீட்டுக்குப் போனது. அவரும் போய்விட்டார். அது அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது.

வேலை ஆரம்பிக்கும் முன்பே மெர்லின் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். கரையில் அவள் ஐஸ் உடைக்கும் மெஷின் வைத்திருக்கிறாள். கடலுக்குப் போகிற வள்ளங்களுக்கு அவள்தான் பெரிய ஐஸ் கட்டிகளை உடைத்துக் கூடையில் கொட்டுவாள். திட்டத்தில் அந்த இடத்தில் நீரூற்று என்று இருந்தது. ஐஸ் என்ற பேச்சே எங்கும் இல்லை.

"ஏல ரெமி, ஊருக்கெல்லாம் சத்தம் போடுத. கூடப்பிறந்தவளுக்கு ஒரு சத்தம் போட மாட்டியோ?"

"பிளான்ல நீரூற்றுன்னு இருக்குக்கா."

"நீரூத்துல போட்டா மீன் கெடாம இருக்குமால?"

"இருக்காது."

"அப்ப நாளைக்கு என் மிஷினு மண்ணுக்குள்ள போனா, நீ உக்காந்து ஐஸக் கடிச்சு உடைச்சுத் தருவியோ?"

எனக்குப் பல் அவ்வளவு உறுதி இல்லை. பார்க்கிறேன் என்றேன்.

கடைகள் சுலபம். ஷட்டர் தூக்கும் சத்தம் போட்டு, எங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியரின் குரலில் "உள்ள வாங்க மேடம், பாக்குறதுக்குக் காசு இல்ல" என்றேன். அலுவலகங்களுக்கு நாற்காலி கிறீச்சிடுவதும், "அனுப்பிட்டேன் சார், வரலியா சார்?" என்பதும் போதும். ஐந்தாம் மாடி வீட்டுக்குக் குக்கர் விசில் ஒன்று, பிறகு எங்கள் பக்கத்து வீட்டு அந்தோணிராஜ் மாமாவும் அத்தையும் ஜன்னல் திரைக்காகப் போடும் சண்டை.

பொதுவெளிதான் புதிராக இருந்தது. சும்மா இருப்பதற்கு என்ன சத்தம்? கண்டுபிடிக்க ரயில் நிலையம், ஆஸ்பத்திரி வராந்தா, மாதா கோயில் வாசல் என்று போய், சும்மா இருப்பவர்களின் பக்கத்தில் நானும் சும்மா இருந்து பார்த்தேன். காது குடைந்தார்கள். கொட்டாவி விட்டார்கள். அதையெல்லாம் வேலை பார்த்துக்கொண்டும் செய்யலாம். கடைசியில் பிடிபட்டது. உட்காரும்போது எல்லோரும் 'அப்பாடா' என்கிறார்கள். எழும்போது ஒருவரும் சொல்வதில்லை. கரை நெடுக, தண்ணீர் தொடும் இடம் வரை, கனத்த உடம்பின் அப்பாடா, இறுகிய செருப்பைக் கழற்றிய அப்பாடா, பரீட்சை முடிந்த அப்பாடா என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனேன்.

நீரூற்றின் கோட்டுக்குள் நின்று ஐஸ் மெஷினின் சத்தத்தைப் போட்டேன்.

செவி அதிகாரி ஞானதிரவியம் சார் காலையில் வந்தார். கண்ணை மூடி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு ஒவ்வொரு கடையாகக் கேட்டுச் 'சரி' சொன்னார். கான்கிரீட் இன்னும் வராவிட்டாலும் சத்தம் அங்கே நிற்பதால், அதன்மேல் படியேறி ஐந்தாம் மாடிக்குப் போனார். கீழிருந்து பார்த்தால் அவருடைய செருப்பின் அடிப்பாகம் தெரிந்தது.

"ஏ தம்பி," என்று அங்கிருந்தே குனிந்து கேட்டார். "கீழ என்ன அது, கடகடன்னு?"

"நீரூற்று சார்."

"நீரூற்று சலசலன்னுலா கேக்கணும்?"

"இது கடலோர நீரூற்று சார். உப்புத் தண்ணி. கொஞ்சம் கட்டியா விழும்."

அவர் யோசித்தார். "கட்டியா விழுந்தா யாரு மண்டையிலயாவது படாதா?"

"கூடை வச்சுப் பிடிச்சுக்கலாம் சார்."

இறங்கி வந்து மெஷினின் சத்தத்தை மூன்று பக்கமும் சுற்றிக் கேட்டார். மற்ற எல்லாவற்றுக்கும் 'சரி' விழுந்துவிட்டது. இதற்கு மட்டும் "சாப்பிட்டுட்டு வந்து பாப்போம்" என்று போனார். சாப்பிட்டதும் தூங்கிவிட்டார். மறுநாள் லாரி வருகிறது. அக்கா மெஷினின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் கோட்டுக்குள் போய், அவர் எப்போதும் கனைப்பது போல் ஒருமுறை கனைத்து, அவர் குரலில் சொன்னேன்: "சரி, நல்லா இருக்கு."

கான்கிரீட் வந்து எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்தது. அப்பாடாக்கள் இருந்த இடமெல்லாம் படிக்கட்டுகள், கடல் வரைக்கும். கனத்த அப்பாடா விழுந்த இடத்தில் படி கொஞ்சம் அகலம். நீரூற்றின் இடத்தில் பளிங்குத் தொட்டியும், அதன் நடுவே அக்காவின் மெஷினும் நின்றன.

யாருடைய குரல் ஓரிடத்தில் பதிந்துவிட்டதோ அவர் அங்கே வந்து சேர்வது வழக்கம். அந்தோணிராஜ் மாமாவும் அத்தையும் அந்த வாரமே சாமான்களோடு ஐந்தாம் மாடிக்குக் குடிபோனார்கள், திரையைப் பற்றிப் பேசியபடி. வேதியியல் ஆசிரியர் கடையில் சட்டை மடிக்கிறார். எங்களுக்கு இந்த ஆண்டு வேதியியல் இல்லை.

ஞானதிரவியம் சாரும் வந்தார். ஆய்வு இன்னும் முடியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். காலையில் வந்து தொட்டியின் ஓரத்தில் நிற்பார். அக்கா, "சார், சும்மாதான நிக்கிய, இந்தக் கூடையப் பிடிங்க" என்பாள். பிடிப்பார். கூடை நிறைந்ததும் கனைத்துவிட்டு, "சரி, நல்லா இருக்கு" என்பார். வள்ளக்காரர்கள் தூக்கிப் போவார்கள். மதியச் சாப்பாட்டை அவர் வீட்டிலிருந்து அங்கேயே கொடுத்துவிடுவார்கள்.

நான் முதல் படியில் உட்கார்ந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வெளியூரிலிருந்து ஒரு அம்மா சின்னப் பெண்ணோடு வந்தார். "சார், இங்க நீரூற்று இருக்குன்னாங்களே, எது?"

"இதுதான்" என்றார் ஞானதிரவியம் சார், கூடையை இறக்காமல்.

"தண்ணி ஏன் மேல போகல?" என்றது பெண்.

"இது கடலோர நீரூற்று பாப்பா. உப்புத் தண்ணி. கொஞ்சம் கட்டியா..."

அங்கே நிறுத்தினார். தன் வாயில் வந்தது வேறு யாரோ சொன்ன பேச்சு என்று அந்தக் காதுக்குக் கேட்டுவிட்டது. கூடையைக் கீழே வைத்தார். கண்ணை மூடினார். காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். அவர் 'சரியில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் மெஷின் அந்த நிமிஷமே மணலுக்குள் போய்விடும். அக்கா ஐஸ் கட்டியை மெஷினுக்குள் தள்ளுவதை நிறுத்தவில்லை. ஆனால் அவள் கை மெதுவாகியிருந்தது.

"ஏல," என்றார் என் பக்கம் திரும்பி, கண்ணைத் திறக்காமல். "இது ஐஸ் மிஷினுல்லா?"

"ஆமா சார்."

"அப்ப எனக்குப் பதிலா யாருல 'சரி' சொன்னது?"

"நீங்கதான் சார்" என்றேன், அவர் குரலில்.

முதலில் மூக்கு வழியாகத்தான் வந்தது. பிறகு வயிறு குலுங்கத் தொடங்கியது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துச் சிரித்தார். "சரில... சரி..." என்று நடுவில் மூச்சு வாங்கினார். தெருமுனையில் நின்றிருந்த லாரி புறப்பட்டு வந்து எங்களைத் தாண்டிப் போனது. சிரிப்பு போன திசையில், தண்ணீருக்கு மேல் கான்கிரீட் ஒரு பாலம்போல் நீண்டது. அவர் மூச்சு வாங்கிய இடங்களில் தூண்கள் இறங்கின. வள்ளங்களை இரண்டு பக்கமும் கட்டலாம் போல அகலம் இருந்தது.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்து, கான்கிரீட் போய் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சிரிங்க சார்," என்றாள். "அங்க ஆழம் பத்தாது."