தாயின் பெயர் கொர்னேலியஸ்

சுரங்கத்து வாசலுக்கு எதிரே சட்டப்படி ஒரு குழந்தைக் காப்பகம் இருந்தது. ஆறு தொட்டில், பால்பவுடர் டின்கள், தாயம்மா என்கிற ஆயா, எல்லாம் சட்டப்படி. குழந்தை மட்டும் இல்லை. வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்காகக் கட்டிய இடம் அது. சுரங்கத்தில் வேலை செய்த பெண்களோ நாலே பேர். தரைக்கு மேலே கூட்டிப் பெருக்குகிறவர்கள். அவர்களில் இளையவளான கிருஷ்ணம்மாவுக்கு ஐம்பத்தோரு வயது. ஆகவே காப்பகத்துப் பால் தினமும் காலையில் வெல்ஃபேர் ஆபீசர் துளசிராமனின் காபியாக மாறி, வீணாகாமல் பயன்பட்டு வந்தது.

கொர்னேலியஸுக்கு மனைவி செத்து எட்டு மாதம். பூமிக்கடியில் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுக்கும் வேலை அவனுக்கு. ஒன்றரை வயது வின்னியைப் பக்கத்து வீட்டு வெங்கடம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகனோடு பங்காருபேட்டைக்குக் குடிபோனதும், ஊர் முழுக்க யோசனை சொல்ல வந்துவிட்டது. பாதிரியார் பிள்ளையை அனாதை விடுதியில் சேர்க்கச் சொன்னார். அப்பன் குத்துக்கல்லாட்டம் நிற்கையில் அவள் எப்படி அனாதை என்று இவன் கேட்டதற்கு, ஜெபம் செய்யச் சொன்னார். மற்றவர்கள் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள். ஆயா வேலைக்கு ஆள் எடுப்பதற்குத் தாலி எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. ஆயாதான் ஏற்கெனவே இருக்கிறாளே, எதிர்வாசலில், சம்பளத்தோடு.

கொண்டுபோய் விட்டான். இரண்டு வருஷமாகக் காலித் தொட்டில்களைத் துடைத்துவந்த தாயம்மா, கும்பிடாத குறையாகப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். டம்ளரோடு வந்த துளசிராமன், தன் காபிக்கான பாலை வின்னி குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். உடனே ரூல் ஞாபகம் வந்தது. கீழே ஆள் அனுப்பிக் கொர்னேலியஸை மேலே வரவழைத்து, அம்மா வேலை செய்தால்தான் பிள்ளைக்கு இடம், அப்பா வேலை செய்தால் இல்லை என்று விளக்கினார்.

மறுநாள் காலை ஏழு மணி ஷிஃப்டுக்குக் கொர்னேலியஸ் இடுப்பில் பிள்ளையோடு டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்றான். அங்கே எண் போட்ட பித்தளை டோக்கனை வாங்கினால்தான் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போகலாம். டோக்கன் வாங்காதவன் வேலைக்கு வராதவன். கிளார்க் முனிரத்தினம் பிள்ளையைப் பார்த்துவிட்டு டோக்கனை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"ஆப்சென்ட் போட்டுட்றேன், கொர்னேலு."

"எப்படிப்பா போடுவ? நல்லா பாரு, ரெண்டு பேரா வந்துக்கீறோம்."

ஷிஃப்ட் முடியும்வரை எட்டு மணி நேரமும் அங்கேயே இருந்தான். பிள்ளையின் துணிகளை ஆபீஸ் குழாயில் அலசி, ஆபீஸ் கம்பியில் காயப்போட்டான். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது: இன்னும் ஒரு நாள் ஆப்சென்ட் என்றால் வேலை போய்விடும். அதை மடித்து, ஈ மொய்க்காமல் வின்னியின் கஞ்சிக் கிண்ணத்தை மூடினான். அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கம் வரவில்லை என்பது வின்னிக்குத் தெரியாது. நாலாம் நாளும் வந்து நின்றான்.

அன்றைக்குத்தான், முன்னறிவிப்பில்லாமல், காப்பகத்தைப் பார்வையிட மேலிடத்து இன்ஸ்பெக்டர் ரயிலிலிருந்து இறங்கி ஜீப்பில் வந்துகொண்டிருப்பதாகப் போன் வந்தது. துளசிராமன் கிருஷ்ணம்மாவிடம் ஓடி, பேரப்பிள்ளைகளை ஒரு மணி நேரம் தொட்டிலில் போடக் கேட்டார். பேரப்பிள்ளைக்கு ரூலில் இடம் இருக்கிறதா என்று அவள் பணிவாக விசாரித்தாள். அவர் டைம் ஆபீஸுக்கு ஓடிவந்தார்.

"இன்னிக்கி ஒரு நாளு பிள்ளைய உள்ள விடுப்பா."

"ஒரு நாளைக்குத் தர்றதுக்கு இது இன்னா சார், வாடக சைக்கிளா? தெனமும்னா தர்றேன்."

"அப்புறமா பேசிக்கலாம்."

"அப்ப அப்புறமாவே தர்றேன் சார்."

ஜீப்பின் ஹாரன் கேட்டது. துளசிராமன் கையோடு கொண்டுவந்த காப்பக ரெஜிஸ்டரைத் திறந்து, வின்னியின் பெயருக்கு நேரே "வேலை நாள் எல்லாம்" என்று எழுதினார். தாயின் பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. செத்தவள் தொழிலாளி ஆக மாட்டாள். கட்டத்தைக் காலியாகவும் விட முடியாது. எட்டிப் பார்த்த கொர்னேலியஸ், தன் பெயரையே போடச் சொன்னான். அவர் போட்டார்.

இன்ஸ்பெக்டர் வடக்கத்தியார். கிறிஸ்தவப் பெயர்களில் எது ஆண், எது பெண் என்று அவருக்குத் தெரியாது. தொட்டிலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், ரெஜிஸ்டரைப் பார்த்துத் திடுக்கிட்டார். தாயின் பெயர் கொர்னேலியஸ், வேலை பூமிக்கடியில். பெண்களைக் கீழே இறக்குவது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று இங்கிலீஷில் குரலை உயர்த்தினார். தாயைக் கூட்டிவரச் சொன்னார்.

கொர்னேலியஸ் மீசையோடு வந்து நின்றான்.

இன்ஸ்பெக்டர் அவன் மீசையைப் பார்த்துவிட்டு, ரெஜிஸ்டரை மறுபடி பார்த்தார். பிள்ளைக்கு அம்மா எங்கே என்று கேட்டார். துளசிராமன் அதை மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"அம்மா செத்துட்டா சார். இப்ப அந்த வேலையும் நான்தான் பாக்கறேன்."

சுரங்கத்தில் பெண் இறங்கவில்லை என்ற நிம்மதியே இன்ஸ்பெக்டருக்குப் போதுமானதாக இருந்தது. காப்பகம் பயன்பாட்டில் உள்ளது, பிள்ளை ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, இந்தத் தாய் ஏன் இன்னும் ஷிஃப்டுக்குப் போகவில்லை என்று துளசிராமனைக் கேட்டார்.

முனிரத்தினம் டோக்கனைத் தானே எடுத்துவந்து கொடுத்தான். கேஜ் கதவு சாத்தும்போது வின்னி வீறிட்டு அழுவது கேட்டது. கொர்னேலியஸின் கை கம்பியைப் பிடித்தது, ஆனால் அவன் வெளியே இறங்கவில்லை. தாயம்மா சம்பளம் வாங்குகிறாள், அவள் தேற்றட்டும். கேஜ் கீழே போயிற்று.