அட்டையில் இரண்டு கோடு

மானங்கெட்ட வேலை. தினமும் பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சிறுநீரில் நனைத்த அட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கருமுட்டை எப்போது வெளியாகும் என்று காட்டும் அட்டை. இரண்டு கோடும் அழுத்தமாக விழுந்தால் அன்றும் மறுநாளும்தான் நாள். உள்ளூரில் தெரிந்துவிடுமே என்று பொன்னமராவதி வரை பஸ் ஏறிப்போய் வாங்கினேன். கவியரசனிடம்கூடச் சொல்லவில்லை. கட்டின புருஷனிடம் சொல்லவே கூசியது.

அவருக்குச் சிங்கப்பூரில் வெல்டர் வேலை. மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் பிளைட். இந்த மாதம் தவறினால் அடுத்த லீவுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

அன்று காலை இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தன. சந்தோஷத்தில் அட்டையை ஜன்னலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதை என் மாமியார் சொர்ணவல்லி பார்த்துவிட்டார். இரண்டு கோடு என்றால் கர்ப்பம் என்றுதான் அவருக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சாயங்காலம் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு கவியரசனுக்காகக் காத்திருந்தேன். பக்கத்து வீட்டு அன்புமொழி ஓடிவந்தாள்.

"ஏண்டி வனிதா, எங்கிட்டகூடச் சொல்லலையே! ஒங்க அத்தை கோயில்ல எல்லாருக்கும் சர்க்கரை குடுக்குறாங்க. ஒனக்கு உண்டானா மகன் பால்குடம் எடுப்பான்னு வேண்டியிருந்தாங்களாம். கவியரசனுக்கு இப்ப காப்புக் கட்டப்போறாங்க."

காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை விரதம். அவர் என் பக்கம்கூட வரக்கூடாது. செருப்புப் போடாமல் ஓடினேன்.

கூட்டத்துக்கு நடுவில் பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். கையை நீட்டிக்கொண்டு நின்ற கவியரசன் என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணெல்லாம் தண்ணீர். அந்தச் சந்தோஷத்தை நான் கெடுக்க வேண்டுமே என்று நினைத்தபோது செத்துவிடலாம் போலிருந்தது.

அத்தையின் காதில் சொன்னேன்.

"அத்தை, அது உண்டானதப் பாக்குறது இல்ல. உண்டாகுறதுக்கு நாள் பாக்குறது. இன்னைக்கும் நாளைக்கும்தான்..."

அத்தை சர்க்கரைத் தட்டை என் கையில் திணித்துவிட்டு, மகன் கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தார்.

"கட்டாதீங்க பூசாரி! ஆத்தா பொறுத்துக்குவா. டேய், பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ."

"ஏம்மா?"

"போடான்னா! நான் இன்னைக்குக் கோயில்லயே படுத்துக்கிறேன்."

கொட்டுச் சத்தம்கூட நின்றுவிட்டது. வாயில் சர்க்கரையோடு நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் ஓர் ஆண் குரல் சிரித்தது.

தெரு முழுக்கத் திருவிழா டியூப்லைட். இருட்டில் ஒதுங்கிப் போகவும் வழியில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர் கேட்டார்.

"அப்ப, இல்லையா?"

"இல்லைங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எதிர்வீட்டு வாசலில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைத் தட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், அவர்கள் பார்க்கப் பார்க்கவே கதவைச் சாத்தித் தாழிட்டேன்.