விமலாதேவிக்குத் திறக்காத கதவு

செவன் ஹில்ஸ் கடைத்தொகுதியின் கண்ணாடிக் கதவு விமலாதேவிக்குத் திறக்காமல் விட்டது, வெண்டிக்காய் விலை ஏறிய அதே கிழமையில்தான். சனங்கள் அதிகம் பேசியது வெண்டிக்காயைப் பற்றித்தான். ஆள் வந்தால் தானாக விலகுகிற கதவு அது. நாய் வந்தாலும் விலகும், காற்றில் ஒரு பை பறந்து வந்தாலும் விலகும். விமலாதேவி முன்னால் போய் நின்றாள், பின்னால் வந்தாள், வெட்கத்தை விட்டுக் கையையும் ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. திருத்துகிறவன் வந்து பார்த்துவிட்டுக் கதவில் ஒரு பிழையும் இல்லை என்று போய்விட்டான். அடுத்த கிழமை நூலகத்துக் கழிவறைக் குழாய் அவள் கைக்குத் தண்ணீர் விடவில்லை. அவள் உள்ளே நிற்கும்போதே விளக்கும் அணைந்தது. கும்மிருட்டில் சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தாள்.

அவளை யாரும் மரியாதைக் குறைவாக நடத்தியிருந்தால் நோகலாம். அப்படியும் இல்லை. மகன் சஞ்சீவ் அவளைக் குசினியில் அடுப்புப் பக்கமே விடமாட்டான். தமிழ்ச் சங்க மண்டபத்தில் அவளுக்கென்று முன்வரிசையில் மெத்தைக் கதிரை. எழும்பினால் போதும், நாலு பேர் ஓடிவந்து, "நீங்கள் இருங்கோ அன்ரி, நாங்கள் பாக்கிறம்" என்பார்கள். மனுசர் வேறு எப்படித்தான் மரியாதை செய்வார்கள்? அவளும் வருடக்கணக்காக இருந்தாள். ஒரு தேசிக்காயை வெட்டித் தாருங்கள் என்றுகூட யாரும் அவளைக் கேட்டதில்லை.

அதே கதவுக்கு முன்னால் ஒரு நாள் பக்கத்து வீட்டு மிருணாளினியும் நின்றுகொண்டிருந்தாள். பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வருகிற வருடம். வீட்டில் ஒரு கோப்பை கழுவப் போனாலும் "நீ படி, மற்றதை நாங்கள் பாக்கிறம்" என்று தாய் பறித்துவிடுவாள். "உங்களுக்குமா அன்ரி?" என்று கேட்டாள் பிள்ளை. "எனக்கு ஸ்கூல் கதவும் திறக்கிறேல்ல. ஐ ஆம் சோ ஸ்கேர்ட்." விமலாதேவி அவள் கையைப் பிடித்தாள். யாராவது வரும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு காலை, குப்பைத் தொட்டியை இழுத்து வைக்கப் போனவளை நோக்கி சஞ்சீவின் கார் பின்னுக்கு வந்தது. பின்னால் ஒரு பூனை நின்றாலும் கத்துகிற கார் கத்தவே இல்லை. அவள் போட்ட சத்தத்தில் அவன் பிரேக்கை மிதித்தான். காரின் திரையில் வெறும் சீமெந்துத் தரைதான் தெரிந்தது என்றான். அவளை உலுக்கியது அதுவல்ல. அவன் இறங்கி, அவள் நின்ற இடத்தை நேராகப் பார்த்தான், பார்த்துக்கொண்டே நின்றான், பிறகுதான் "அம்மா" என்றான். இயந்திரங்கள் முடிந்து இனி மனிதர்களின் முறை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பெற்ற பிள்ளையின் கண்ணிலிருந்து மறைந்துபோனால் எங்கே போய் நிற்பது? அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் இருமினாள், இருமல் வராவிட்டாலும்.

பொங்கல் விழாவன்று மண்டபத்தில் மிருணாளினியோடு கை கழுவப் போன இடத்தில் விளக்கு அணைந்தது. பிள்ளை விம்மத் தொடங்கினாள். பயந்து பயந்தே விமலாதேவிக்குக் கோபம் வந்துவிட்டது. அவளை இழுத்துக்கொண்டு வெளிச்சம் தெரிந்த பக்கம் போனாள். அது சமையலறை. சமைக்க வந்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. சங்கச் செயலாளர் இரத்தினசிங்கம் ஆவிக்குள் தலையைக் கொடுத்துப் பெரிய சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பியிருந்தால் கதிரை போடச் சொல்லியிருப்பார். அவர் திரும்பவில்லை. "ஆரது சும்மா நிக்கிறது? அந்த வெங்காயத்தை உரியுங்கோ, பருப்பையும் ஒருக்காப் பாருங்கோ" என்று அதட்டினார்.

மிருணாளினி கண்ணீர் ஓட ஓட உரித்தாள், விமலாதேவி பருப்பைப் பார்த்தாள். பந்தியில் பாதி முடியும்போது மண்டபத்துக்குள்ளிருந்து இரத்தினசிங்கத்தின் குரல் கேட்டது: "பருப்பு ஆர் வைச்சது? உப்புக் காணாது."

"நான்தான்," என்றாள் விமலாதேவி. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒருவர் அவளிடம் குறை சொல்கிறார். அவளுக்கு அழுகை வந்தது, உப்பை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் யாருக்காவது கதவு திறக்காவிட்டால் பின்னால் வருகிறவர், "இந்தப் பையை ஒருக்காப் பிடியுங்கோ" என்று நீட்டுகிறார். நின்றவர் வாங்கிப் பிடிக்கிறார், கதவு திறக்கிறது. யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

அந்தப் பொங்கல் பின்னேரம் மிருணாளினி போக, மண்டபத்துக் கதவு தானாக விலகியது. விமலாதேவி மட்டும் நம்பவில்லை. சஞ்சீவ் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது, வேண்டுமென்றே அதன் பின்னால் போய் நின்றாள். கார் கத்தியது. அவன் சட்டென்று நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான், நேராக அவள் கண்ணைப் பார்த்தான்.

"விலகுங்கோ அம்மா, கார் கத்துது."

"கத்தட்டும்," என்றாள் விமலாதேவி, விலகாமல்.