கபா-கபாவின் வேர்

கபா-கபா செடி விதையில் முளைக்காது என்பது எங்கள் லுக்பான் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படியானால் என் கொட்டகையில் இத்தனை வருடமாக என்ன முளைத்துக்கொண்டிருந்தது என்று ஒருவரும் வந்து எட்டிப் பார்த்ததில்லை. பார்க்காமலே என்னைத் திருடி என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீர வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

என் பெயர் பாசிலியா. ஊருக்கு ஆதே பாஸ்யா, அதாவது பாஸ்யா அக்கா. மே பதினைந்து, உழவர்களின் புனிதர் சான் இசித்ரோவின் நாளில், ஊர்வலம் போகிற தெருவில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தான் விளைவித்ததை வீட்டு முகப்பில் தொங்கவிடுவார்கள். நெல் போட்டவன் நெற்கதிர், மிளகாய் போட்டவள் மிளகாய். சந்தையில் வாங்கித் தொங்கவிட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள், சாகும்வரை சிரிப்பார்கள். வருடத்துக்கு ஒரு பாதை என்பதால் எங்கள் தெருவுக்கு ஊர்வலம் வருவது ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறைதான். போன முறை வந்தபோது என் நாற்றுகள் கடுகளவு இருந்தன. முகப்பு மொட்டையாகக் கிடந்தது.

"உன் வீட்டுல என்ன வெளையுது பாஸ்யா, காத்தா?" என்று எதிர்வீட்டு சோலெங் தெருவே கேட்கும்படி கேட்டாள். அவள் வீட்டில் பூசணிக்காய்கள் வரிசையாகத் தொங்கின.

இந்த முறை என்னிடம் இருபத்துமூன்று தொட்டிகள் இருந்தன, இருபத்துமூன்றும் பூத்திருந்தன.

கபா-கபா பானஹாவ் மலைக்காட்டில் மரக்கிளையின் கவட்டில் உட்கார்ந்து வளர்கிற செடி. மரத்தில் உட்காருமே தவிர மரத்தைத் தின்னாது. பாசியிலும் மழையிலும் பிழைத்துக்கொள்ளும். தண்டு நாலு பக்கமும் விளிம்பு கட்டியிருக்கும், இலைகள் காம்பில்லாமல் தண்டையே கட்டிப்பிடித்திருக்கும். கோடையில் இளஞ்சிவப்புக் கொத்து கீழ்நோக்கித் தொங்கும். அந்தப் பெரிய இளஞ்சிவப்பு மடல்களைத்தான் எல்லோரும் பூ என்கிறார்கள். அசல் பூ அதற்குள் சின்னச் சின்னதாக ஒளிந்திருக்கும். பூ போனபின் பிசுபிசுத்த பழம், அதற்குள் தூசி மாதிரி விதை.

அந்த விதையை நான் நாலு வருடம் மண்ணில் புதைத்துப் புதைத்துக் கொன்றேன். ஒருநாள் பூக்கொத்திக் குருவி ஒன்று பழத்தை விழுங்கிவிட்டு, எச்சம் ஒட்டிக்கொண்டதால் பின்பக்கத்தைக் கிளையில் தேய் தேய் என்று தேய்த்துவிட்டுப் பறந்தது. எனக்குப் பொறி தட்டியது. அது விதையைப் புதைக்கவில்லை, மேலே பூசிவிட்டுப் போகிறது. விதைக்கு வெளிச்சம் வேண்டும். நானும் பழச்சதையைக் கழுவி, ஈரத் தேங்காய் நாரின்மேல் விதையைப் பூசி, மூடாமல் விட்டேன். ஆறாவது வாரம் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. கொட்டகையில் தனியாக நின்று ஆடினேன், வெட்கமில்லாமல்.

திருவிழாவுக்கு முந்தைய நாள் காலை. கோர்யோவின் மோட்டார் டிரைசிக்கிளில் தொட்டிகளை அடுக்கி, மலையடியில் இருக்கும் என் கொட்டகையிலிருந்து ஊருக்கு இறங்கினோம். கோர்யோ என் கணவரின் தம்பி, வண்டியைவிட வாயை வேகமாக ஓட்டுவான். வனக் காவல் சாவடியில் கை காட்டி நிறுத்தினார்கள். நகரத்திலிருந்து புதிதாக வந்திருந்த அதிகாரி அல்மாரியோ தொட்டிகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டார். போன மாதம் அருவிப் பாதை மரத்திலிருந்து யாரோ பன்னிரண்டு கபா-கபாவைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

"நானாய், இதெல்லாம் காட்டுலேர்ந்து எடுத்ததா?" என்றார், அம்மா என்று கூப்பிடுகிற மரியாதையோடு.

"நான் விதை போட்டு வளத்தது சார்."

"கபா-கபா விதையில வராதுன்னு இங்க எல்லாருமே சொல்றாங்களே."

"எல்லாரும் சொல்றதக் கேட்டுதான் நானும் நாலு வருஷம் ஏமாந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. ஊர்த் தலைவருக்கு ஆள் அனுப்பினார். தலைவர் சிந்தோ, எங்களுக்கெல்லாம் கப், வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர், ஆனால் எந்தச் சண்டையையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடப் பார்ப்பார்.

"பாஸ்யா, காட்டுலேர்ந்து எடுத்தேன், இனிமே எடுக்க மாட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடு. செடிய விட்டுடச் சொல்றேன். நாளைக்குத் திருவிழா, ஏன் வம்பு?"

"கப், கையெழுத்துப் போட்டா நாளைக்கு என் வீட்டுல தொங்கப்போறது யார் வெளைவிச்சது?"

"யாரு கேக்கப்போறா?"

"நான் கேப்பேன்."

"ஆதே, போட்டுத் தொலைங்களேன், பெட்ரோல் வேற கம்மியா இருக்கு" என்றான் கோர்யோ.

"நீ தள்ளிக்கிட்டே போடா."

ஒரு தொட்டியை எடுத்து மேசைமேல் கவிழ்த்தேன். அதிகாரியின் காகிதங்களெல்லாம் தேங்காய் நார். வேர்க்கட்டியைத் தண்ணீரில் அலசி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"மரத்துல இருந்த செடியோட வேர் மரப்பட்டையில படுத்திருக்கும் சார், ஒரு பக்கம் தட்டையா, பெல்ட் மாதிரி. இது நாலா பக்கமும் உருண்டு போயிருக்கு பாருங்க."

அவர் முட்டாளில்லை. "தொட்டியில ஒரு வருஷம் வச்சிருந்தா எந்த வேரும் உருண்டுடும்."

"புது வேர் உருளும். பழைய வேர் உருளாது. சரி, வேர விடுங்க. அடித்தண்டப் பாருங்க. இலை விழுந்த தழும்பு அடியில நெருக்கமா, மேல போகப் போக விலகியிருக்கா? நெருக்கமா இருக்கே, அது குழந்தையா இருந்தப்ப போட்ட இலை. முதல் இலைலேர்ந்து இது என்கிட்டதான் இருக்கு. மரத்துலேர்ந்து பிடுங்கின செடிக்கு அடி முறிஞ்சிருக்கும். இதுல காயம் எங்க? காட்டுங்க!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் தேடினார். காயம் இல்லை. "இது ஒண்ணு சரி. மத்ததுக்கு?"

பூத்திருக்கிற கபா-கபாவின் வேரைக் குலைத்தால் மறுநாளே கொத்து துவண்டுவிடும். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கப் என் தோளைத் தொட்டு, "வேணாம் பாஸ்யா, பூவெல்லாம் போயிடும், கையெழுத்தே போட்டுடு" என்றார்.

"எண்ணிக்கிட்டே வாங்க சார்" என்று அடுத்த தொட்டியைக் கவிழ்த்தேன்.

ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். ஐந்தாவதுக்கு அப்புறம் அவர் போதும் என்றார். நான் நிறுத்தவில்லை. நீங்கள்தானே கேட்டீர்கள், பார்த்துவிட்டுப் போங்கள் என்று ஒவ்வொன்றையும் அவர் கையிலேயே கொடுத்தேன். சட்டையெல்லாம் ஈரமாகி நின்றார். இருபத்திரண்டு செடி, ஒன்றிலும் காயமில்லை.

இருபத்துமூன்றாவதுதான் பெரியது, பதினான்கு கொத்து. அதன் அடியைக் கண்டதும் அவர் நிமிர்ந்தார். "இதுல முறிவு இருக்கு நானாய். வேரும் தட்டையா இருக்கு."

கோர்யோ என்னைப் பார்த்தான். வாங்கினது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கப் சாட்சி சொல்லத் தயாராக நின்றார்.

"அது காட்டுச்செடிதான்" என்றேன். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி புயல்ல கிளையோட முறிஞ்சு பாதையில கெடந்துச்சு. எடுத்து வளத்தேன். மத்த இருபத்திரண்டும் இதோட பிள்ளைங்க."

"விழுந்து கெடந்தாலும் அனுமதியில்லாம எடுக்கக் கூடாது. இத நான் விட முடியாது."

"விடச் சொல்லலியே. இதுக்குக் கையெழுத்துப் போடறேன், நான் எடுத்ததுக்கு. எடுக்காததுக்குப் போட மாட்டேன்."

காகிதத்தில் ஒரு செடி என்று எழுதினார். நான் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே, 'இதன் விதையில் இருபத்திரண்டு செடி முளைக்க வைத்தவள் பாசிலியா' என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதற்கெல்லாம் இதில் இடம் கிடையாது என்றார். அதுதான் எழுதியாயிற்றே என்றேன். தாய்ச்செடியை அங்கேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறியதும் அழுதேன், மறைக்கவில்லை. கோர்யோ ஊர் வரும்வரை வண்டியை மெதுவாக ஓட்டினான்.

மறுநாள் காலை தெரு முழுக்க, வீடுகளில் அலங்காரமாகத் தொங்கவிட்ட வண்ண வண்ண கிபிங் அரிசி அப்பளங்கள் வெயிலில் மின்னின. என் செடிகளில் கொத்துகள் துவண்டு, பாதி மடல்கள் தரையில் கிடந்தன. வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள் என்றான் கோர்யோ. நான் ஏணியைப் போட்டு ஏறினேன். இருபத்திரண்டு செடியையும் தொட்டியில்லாமல், நாரில்லாமல், வேர் தெருவைப் பார்க்கும்படி ஜன்னல் கம்பியில் வரிசையாகக் கட்டினேன்.

சோலெங் தெருவைக் கடந்து வந்தே விட்டாள். "என்னடி இது, பூவப் பின்னாடி தள்ளி வேர முன்னாடி கட்டியிருக்க? பைத்தியமா உனக்கு?"

"பூவ யார் வேணும்னாலும் காட்டுலேர்ந்து பிடுங்கிட்டு வரலாம் சோலெங். இந்த மாதிரி வேரக் கொண்டுவரச் சொல்லு பாப்போம். வா, கிட்ட வந்து பாரு. அடியில காயம் இருந்தா சொல்லு, இப்பவே எறங்கி அத்தனையும் குப்பையில போடறேன்."

அவள் நிஜமாகவே கிட்ட வந்து பார்த்தாள். ஒவ்வொரு அடித்தண்டையும் விரலால் தடவிவிட்டுத் திரும்பிப் போனாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் இழுத்தே பார்த்தார்.

பத்து மணிக்கு சான் இசித்ரோ பல்லக்கில் சிலையாக எங்கள் தெருவுக்கு வந்தார். பின்னால் வந்த பாதிரியார் ஒவ்வொரு வீட்டு விளைச்சலுக்கும் புனித நீர் தெளித்துக்கொண்டே வந்தவர் என் வீட்டு முன்னால் திகைத்து நின்றார். எதை ஆசீர்வதிப்பது என்று அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. அப்புறம் பொதுவாக ரெண்டு சொட்டு தெளித்துவிட்டு நகரப் பார்த்தார்.

"நல்லாத் தெளிங்க பாதர்" என்று ஏணியில் நின்றபடியே கத்தினேன். "வேருக்குத்தான் தண்ணி வேணும்!"